காளான் எடுத்த வைக்கோல் வெள்ளாட்டுக்கு ஆகுமா?

காளான்குடில்:
சிப்பிக் காளான் பறித்து முடித்த படுக்கையைப் பிரித்துப் பாருங்கள். வைக்கோல் மெத்தென்று இருக்கும், கையால் இழுத்தாலே பிய்ந்துவிடும். நாரைச் செரிக்கவிடாமல் கட்டிப்போட்டிருந்த லிக்னின் என்ற கெட்டிப் பொருளைக் காளான் உடைத்துவிட்டதுதான் காரணம். அதை எதற்குக் குப்பைக்குழியில் கொட்ட வேண்டும்? ஆட்டுக்குப் போடலாமே.

மேட்டுக்காடு:
லிக்னினை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை உங்கள் ஆட்டுக்கு விட்டுவைப்பதாகக் காளான் வேண்டிக்கொண்டிருக்கிறதா தம்பி? ஆட்டுக்குச் சேர வேண்டிய செரிக்கும் நாரை, அதாவது செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும், அதுவும்தான் தின்கிறது. புரதம் கூடிவிட்டது என்பார்கள். மொத்த எடை குறைந்தால் சதவீதம் தானாக ஏறாதா? போதாததற்கு நெல் வைக்கோலில் செரிமானத்தைக் கெடுக்கும் சிலிக்கா வேறு. அதைக் காளான் தின்னாது.

காளான்குடில்:
சரி அண்ணே, அறுவடை வரை காத்திருக்க வேண்டாம். காளான் இழை வெள்ளையாகப் படர்ந்ததுமே எடுத்துக் கொடுக்கலாம். எல்லாப் பூஞ்சையும் ஒரே மாதிரியும் இல்லை. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த செரிபோரியோப்சிஸ் சப்வெர்மிஸ்போரா என்ற பூஞ்சை, செல்லுலோஸை அவ்வளவாகத் தொடாமல் லிக்னினைத்தான் முதலில் பிடிக்கும்.

மேட்டுக்காடு:
அந்த வித்து எந்த ஊர்க் கடையில் கிடைக்கும்? ஹரியானாவின் கர்னாலில் யூரியாவோடு காப்ரினஸ் பூஞ்சையைச் சேர்த்து ஒரு முறை கண்டுபிடித்தார்கள். எந்தப் பட்டியிலாவது பார்த்திருக்கிறீர்களா? பூஞ்சையே வேண்டாம்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்துத் தெளித்து 3 வாரம் காற்றுப் புகாமல் மூடுங்கள். வேலை முடிந்தது.

ஆட்டுப்பட்டி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வைக்கோலை எதில் நனைத்தீர்கள்? பலர் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் ஃபார்மலின் என்ற கிருமிநாசினியும் கலந்த தண்ணீரில்தான் ஊறவைக்கிறார்கள். அந்தப் படுக்கையை நான் ஆட்டின் பக்கமே கொண்டுபோக மாட்டேன். பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பிடித்ததும் வேண்டாம், நச்சு இருக்கலாம். அப்புறம், மேட்டுக்காடு அண்ணே, யூரியா வைக்கோலைப் பிரித்து ஆறவிடாமல் போட்டால் நெடிக்கு ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். மாடு தின்னும் என்பதற்காக ஆடும் தின்னும் என்று கணக்குப் போடாதீர்கள்.

காளான்குடில்:
நான் வெந்நீரில் அவித்த வைக்கோலைத்தான் சொல்கிறேன் அக்கா. அதையும் முழுத் தீவனமாக இல்லை, கடலைக்கொடி, அகத்தியோடு கொஞ்சம் கொஞ்சமாக.

மேட்டுக்காடு:
கடலைக்கொடி இருக்கிற இடத்தில் இவ்வளவு பாடு எதற்கு?

காளான்குடில்:
கடலை இல்லாத ஊர்களும் இருக்கின்றன. டெல்டாவில் சம்பா அறுத்தபின் வைக்கோலை விட்டால் என்ன இருக்கிறது?

மேட்டுக்காடு:
உளுந்து இருக்கிறதே தம்பி! சம்பா தாளிலேயே விதைத்து எடுக்கிறார்கள். அந்தப் பொட்டை ஆடு விடுமா?