சனி, ஞாயிறுக்கு அமைதியான மலைக் கிராமம் எது?

காரைக்குடியில் சனி விடியக்காலை கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்ப வேண்டும், அப்பத்தாவும் வருகிறார்கள், படகுத்துறைக் கூட்டமெல்லாம் வேண்டாம், சும்மா உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்க்க ஓர் ஊர் சொல்லுங்கள்.

தேவகோட்டைக்காரன்: பூம்பாறை போங்கண்ணே. கொடைக்கானல் தாண்டி மன்னவனூர் சாலையில் 20 கி.மீ.க்குள். படிக்கட்டு வயல், குழந்தை வேலப்பர் கோயில், கட்டுக்கட்டாகத் தொங்கும் மலைப்பூண்டு (2019இல் புவிசார் குறியீடு வாங்கியது). கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், மறந்துடாதீங்க.

பள்ளத்தூரான்: வயசானவர்களோடு ஒரு ராத்திரிக்கு அவ்வளவு தூரமா? சிறுமலை போதும். நத்தம் வழியாகத் திண்டுக்கல், அப்புறம் 18 கொண்டை ஊசி வளைவு. குளிர் கம்மிதான், ஆனால் மலைவாழைப்பழம் உண்டு.

கேட்டவர்: பூண்டு என்றதும் அப்பத்தா முடிவு பண்ணிவிட்டார்கள். பூம்பாறைதான். ஸ்வெட்டர் இரவல் கிடைக்குமா?