வைர அட்டிகை: தங்கம் சரியானால் கல் செத்துப்போகிறது

காரைக்குடியில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு வீட்டார் பழைய நகைகளை ஆல்பத்துக்காகப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நகை வீட்டை விட்டு வெளியே வராது, அதனால் அவர்கள் வளவிலேயே (வீட்டு உள்முற்றத்திலேயே) மேசை போட்டு எடுக்கிறேன். இன்றோடு மூன்று நாள்.

கேனான் 200டி, 100 மி.மீ. மேக்ரோ, ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப் 11. ஒளியை மென்மையாக்கும் எல்இடி சாஃப்ட்பாக்ஸ் இரண்டு.

முதல் நாள் தங்கத்தில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள். கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாற்றி மாற்றி அரை நாள் போனது. பார்த்தால் தரையில் இருந்த வண்ண ஆத்தங்குடிக் கல்தான் பிரதிபலித்திருக்கிறது! வெள்ளை வேட்டி விரித்ததும் போய்விட்டது. கழுத்திரு (செட்டிநாட்டுத் திருமண நகை) அப்படியே முடிந்தது.

அட்டிகைதான் படுத்துகிறது. லைட் டென்ட்டுக்குள் (ஒளியைப் பரப்பும் வெள்ளைத் துணிக் கூடாரம்) வைத்தால் தங்கம் வழவழப்பாக வருகிறது, ஆனால் வைரம் கண்ணாடித் துண்டு மாதிரி மங்கிக் கிடக்கிறது. டென்ட்டை எடுத்துவிட்டுச் சின்ன டார்ச்சை நேரே அடித்தால் கல் ஜொலிக்கிறது, தங்கத்தில் வெள்ளைப் பொட்டும் லென்ஸின் கறுப்பு நிழலும் விழுகின்றன. டிரேசிங் பேப்பர், தெர்மாகோல், கறுப்பு அட்டை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் போட்டேன், உலோகப் பளபளப்பை அது அசைக்கவில்லை. மங்கலாக்கும் ஸ்ப்ரேயைச் சொல்லாதீர்கள், பாட்டி காலத்து நகை.

வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். தங்கத்துக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்து ஃபோட்டோஷாப்பில் சேர்ப்பதுதான் வழியா, இல்லை ஒரே படத்தில் இரண்டையும் கொண்டுவர விளக்கை எங்கே வைப்பது?