துருவக் கடற்பனி: முன்பு பிசகிய மாதிரிகளை இப்போது எப்படி நம்புவது?

கேள்வி: தென்கரை வாசகன்

காலநிலை மாதிரிகளை, அதாவது வருங்காலக் காலநிலையைக் கணிக்கும் கணினிக் கணக்கீடுகளைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. ஜூலியன் ஸ்ட்ரோவ் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1953 முதல் 2006 வரை ஆர்க்டிக் கடலில், கோடை முடிந்து பனி மிகக் குறையும் செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு பத்தாண்டுக்கு 7.8 விழுக்காடு வீதம் சுருங்கியிருக்க, மாதிரிகளின் சராசரி 2.5 விழுக்காட்டோடு நின்றுவிட்டது. தென்முனையில் நிலைமை தலைகீழ். குறைந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான மாதிரிகள் காட்டிய காலத்தில் பனி மெல்லக் கூடிக்கொண்டே போய், 2014 செப்டம்பரில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. ஒரு முனையில் இழப்பைக் குறைத்தும் மறுமுனையில் கூட்டியும் காட்டியவை, 2050-க்குள் ஆர்க்டிக் ஒரு செப்டம்பரிலாவது பனியற்றுப் போகும் என்று சொல்லும்போது அதை எந்த அடிப்படையில் ஏற்பது?

மறுமொழி: உறைநிலை

எங்கே பிசகியது என்று பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும். உலகளாவிய மாதிரிகள் கடலைப் பெரும்பாலும் பல பத்து கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. பனியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் சங்கதிகள் பலவும் சில மீட்டருக்குள் நடப்பவை. உருகுநீர்க் குட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை தொடங்கியதும் மேலே படிந்த வெண்பனி உருகி, பள்ளங்களில் நீலம் பாய்ந்த குட்டைகளாகத் தேங்குகிறது. மேடுபள்ளம் நிறைந்த பழம்பனியில் அவை சிறிதாகவும் ஆழமாகவும் அடங்கிக் கிடக்கும். ஒரே குளிர்காலத்தில் உருவான தட்டையான இளம்பனியில் மொட்டைமாடியில் நின்ற மழைநீரைப் போல அகலப் பரவிவிடும். வெண்பனி மூடிய பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும்போது, குட்டை அதில் பாதியைக்கூட அனுப்புவதில்லை. மிச்ச வெப்பம் கீழிறங்கி மேலும் உருக்குகிறது.

முந்தைய மாதிரிகள் பலவற்றில் இக்குட்டைகளுக்கெனத் தனிக் கணக்கே இல்லை. பனியின் எதிரொளிப்பை ஓர் எண்ணாக வைத்து ஒப்பேற்றினார்கள். ரெடிங் பல்கலைக்கழகத்துக் குழு அக்கணக்கை மாதிரிக்குள் சேர்த்து, மே மாதக் குட்டைப் பரப்பைக் கொண்டே அவ்வாண்டுச் செப்டம்பர் பனியளவை ஓரளவு முன்னறியலாம் என்று 2014-இல் காட்டியது. என் கண்ணுக்கு இத்துறையின் மிக அழகான வேலைகளுள் அதுவும் ஒன்று.

மறுமொழி: அலைவரிசை

உறைநிலை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: வேறுபாடு முழுவதும் மாதிரியின் பிழையன்று. அமெரிக்காவில் ஒரே மாதிரியை, ஒரே கரியமிலவாயு அளவோடு, தொடக்க வெப்பநிலையைத் தசமப் புள்ளிக்கு அப்பால் பதினான்காம் இடத்தில் மட்டும் மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்த்தார்கள். பனியற்ற முதல் செப்டம்பர் வரும் ஆண்டு ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வரை விலகியது. இயற்கை நமக்குக் காட்டுவது அத்தகைய ஓட்டங்களில் ஒன்றே ஒன்று. 2012-இல் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கிய ஆர்க்டிக் பனி அடுத்த பத்தாண்டில் ஒருமுறைகூட அந்த அளவுக்குக் கீழே போகவில்லை என்பதையும் இப்படிப்பட்ட இயற்கையின் ஏற்றவிறக்கமாகவே படிக்க வேண்டும். பனி மீண்டுவிட்டது என்று சிலர் கொண்டாடியது அவசரம்.

தென்முனை பற்றி என்னால் இவ்வளவு தெம்பாகப் பேச முடியாது. அங்கே காற்றும் ஆழ்கடல் வெந்நீரோட்டமும் சேர்ந்து ஆடும் ஆட்டம் வேறு. கண்டப் பனியிலிருந்து கடலில் கலக்கும் உருகுநீரைப் பெரும்பாலான மாதிரிகள் சேர்ப்பதுமில்லை. அங்கே கோடை முடியும் வேளையான பிப்ரவரியில், 2023-இல் பனி சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சரிந்தபோது துறையினரே திகைத்தார்கள்.

கேள்வி கேட்டவர்: தென்கரை வாசகன்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஆண்டைக் குறித்துச் சொல்வதே வீண்தானா?

மறுமொழி: உறைநிலை

ஆண்டைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு, நண்பரே. டிர்க் நோட்ஸ், ஸ்ட்ரோவ் இருவரும் 2016-இல் அளவீடுகளிலிருந்தே கணக்கிட்டது இது: வெளிவிடும் ஒவ்வொரு டன் கரியமிலவாயுவுக்கும் செப்டம்பர் ஆர்க்டிக் பனியில் சுமார் 3 சதுர மீட்டர், அதாவது ஓர் இரட்டைக் கட்டில் மெத்தை அளவு, போய்விடுகிறது. அன்றைய மாதிரிகளில் பெரும்பாலானவை இதைவிடக் குறைவாகவே காட்டின. ஆகவே நீங்கள் சுட்டிய பிசகு ஆர்க்டிக்கைப் பொறுத்தவரை நமக்குச் சாதகமான பக்கம் சாயவில்லை. இன்னொன்று, “பனியற்ற” என்றால் துறையில் 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழ் என்று பொருள். கனடாவின் வடதீவுகளை ஒட்டிச் சிறிது பனி அப்போதும் ஒதுங்கிக் கிடக்கும்.