பெர்மிஷன்: ‘அனுமதி’யை விட்டுப் ‘புழங்குரிமை’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தில், ஒரு கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம் என்பதைக் குறிக்கும் ‘பெர்மிஷன்’ என்பதற்கு ‘அனுமதி’ பழகிவிட்டதே, ஏன் மாற்ற வேண்டும் என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். சாதனக் கோப்புகளைப் பொறுத்தவரை (சிடி ஓட்டி போன்ற சாதனங்களையும் லினக்ஸ் கோப்புகளாகவே காட்டும்) அச்சொல் பயனரைத் தவறான வழியில் அனுப்பிவிடுகிறது என்பதைக் காட்பாடியில் என் பெரியப்பா வீட்டில் நேரிலேயே கண்டேன்.

அவர் நாதசுர சிடி ஒன்றைக் கணினியில் போட்டதும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று திரையில் வந்திருக்கிறது. வெளியிட்டவர்கள்தாம் தடுத்திருக்கிறார்கள் என்று எண்ணி, உறையின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த காப்புரிமை வாசகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கோப்பின் உரிமை விவரங்களைக் காட்டும் ‘எல்எஸ் -எல்’ கட்டளையால், சிடி ஓட்டிக்குரிய எஸ்ஆர்0 என்னும் சாதனக் கோப்பைப் பார்த்தேன்: உடைமையாளர் ரூட் (கணினியின் தலைமை நிர்வாகக் கணக்கு), குழு சிடிராம், இவ்விருவருக்கும் படிக்கவும் எழுதவும் உரிமை, பிறருக்கு ஒன்றுமில்லை. பெரியப்பாவின் கணக்கு சிடிராம் குழுவில் இல்லை, அவ்வளவுதான். பயனரைக் குழுவில் சேர்க்கும் ‘யூசர்மாட் -ஏஜி’ கட்டளை கொடுத்துச் சேர்த்தேன். (இதில் ‘ஏ’ விடுபட்டால், பயனர் ஏற்கெனவே இருந்த துணைக் குழுக்களிலிருந்தெல்லாம் நீங்கிவிடுவார், நிர்வாக உரிமை தரும் சூடோ குழு உட்பட, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.) குழு விவரம் உள்நுழையும்போதுதான் கணக்கில் எடுக்கப்படுவதால், வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே நாதசுரம் ஒலித்தது.

‘அனுமதி’ என்றால் ஒருவர் கேட்க, மற்றொருவர் மனம்வைத்துத் தருவது. இங்கே இருப்பது அதுவன்று. குடியாத்தம் பக்கத்து நிலப் பத்திரங்களில் ‘கிணற்றுப் பாத்தியம்’, ‘வழிநடைப் பாத்தியம்’ என்று எழுதுவார்கள். பங்குடையவர் நீர் இறைக்க ஒவ்வொரு முறையும் எவரையும் கேட்பதில்லை, பங்கில்லாதவர் கேட்டாலும் பத்திரம் மாறாது. சிடிராம் குழுவின் இயல்பு அச்சாக இதுவே. ‘பாத்தியம்’ வடசொல் என்று சிலர் தயங்கக்கூடும் என்பதால், அதே பொருளைத் தரும் ‘புழங்குரிமை’யை முன்வைக்கிறேன். புழங்கும் பாத்திரம், புழங்கும் வழி என்று நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொல் அது. பெர்மிஷனுக்கு முன்பு முன்வைக்கப்பட்ட ‘அணுகுரிமை’ நெருங்குவதை மட்டுமே சொல்கிறது. படிப்பதும் எழுதுவதும் அதில் அடங்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்தறிய வேண்டும். ஒலி சிடியை ‘மவுண்ட்’ செய்ய, அதாவது அதிலுள்ள கோப்புகள் தெரியும்படி கணினியோடு இணைக்க, முயன்றால் பிழை வரும். அதற்கும் உரிமைக்கும் தொடர்பில்லை. அவ்வட்டில், கோப்புகளை ஒழுங்குபடுத்திவைக்கும் கோப்பு முறைமையே கிடையாது. நொடிக்கு 75 பகுதிகள், பகுதிக்கு 2,352 பைட்டுகள் என ஒலித்தரவு நேரடியாகப் பதியப்பட்டிருக்கிறது. பாட்டை ஒலிக்கச் செய்யும் மென்பொருள் அதை அப்படியே படிக்கிறது. இரண்டு பிழைக்கும் ‘அனுமதி’ என்றே எழுதிவைத்தால், ரூட் கணக்கில் திரும்பத் திரும்ப மவுண்ட் செய்து பார்த்து நேரத்தை வீணாக்குவார்கள்.

இப்போதைய பல மேசைத்தளங்களில் (டெஸ்க்டாப்), கணினியின் முன் அமர்ந்து உள்நுழைந்தவருக்கு, உள்நுழைந்திருக்கும் வரை, குழுவில் சேராமலே உரிமை கிடைக்கும். உரிமை எழுத்துகளின் முடிவில் வரும் கூட்டல் குறி அதற்கு அடையாளம். பெரியப்பாவின் பழைய நிறுவலில் அக்குறி இல்லை. இதற்கும் ‘தற்காலிகப் புழங்குரிமை’ பொருந்தும்.

எனவே பிழைச்செய்தியை ‘இச்சாதனத்தில் உங்களுக்குப் புழங்குரிமை இல்லை’ என்று மாற்றலாம் என்பது என் கருத்து. சாதாரணக் கோப்புகளை நிரலாக இயக்கும் (எக்ஸிகியூட்) உரிமைக்கும் இச்சொல் தாங்குமா என்பதில்தான் எனக்கு இன்னும் நிறைவில்லை, அதுபற்றி எழுதுங்கள்.