ரோஸ்ஹில்லில் கல்லோடு மல்லுக்கட்டி வெட்டிய குளம்

மொரீசியஸில் கொல்லையில் குளம் வெட்டினால் மண்வெட்டியைவிடக் கடப்பாரைக்குத்தான் வேலை அதிகம். எரிமலை மண், ஒரு சாண் போனதுமே கருங்கல் இடிக்கும். கரும்புத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் பொறுக்கிக் குவித்த கற்குவியல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ரோஸ்ஹில் வீட்டில் நானும் தம்பியும் நீள்வட்டமாகக் கோடு போட்டுத்தான் தொடங்கினோம். ஓரத்தில் படுத்த எருமை மாதிரி ஒரு பாறை, அசையவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அதை ஏன்டா நோண்டுறீங்க, சுத்திப் போங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டோம். கூரான முனைகளைச் சம்மட்டியால் தட்டி, பழைய கம்பளத்தை இரண்டு மடிப்பாகப் போட்டு, மேலே ரப்பர் விரிப்பை இழுத்தோம். இப்போது அந்தப் பாறைதான் அல்லித் தொட்டி வைக்கும் படி. நேராக வெட்டியிருந்தால் இவ்வளவு அழகு வந்திருக்காது.

விரிப்புக் கணக்கு: நீளத்தோடு ஆழத்தை இரண்டு மடங்காகக் கூட்டி, ஓரத்துக்கு 60 செ.மீ. சேருங்கள், அகலத்துக்கும் அப்படியே. 3 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 60 செ.மீ. என்றால் 4.8க்கு 3.8 மீட்டர் வேண்டும்.

விளிம்பு மட்டத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கொத்தனார்கள் பிடிக்கும் தண்ணீர் டியூப்பே போதும். வாழைப் பக்கம் மட்டும் வேண்டுமென்றே ஒரு விரல் தாழ்த்தினோம். புயல் மழையில் நிரம்பும் தண்ணீர் வீட்டுப் பக்கம் வராது.

எதிர்வீட்டு அக்காவுக்குக் கொசு பயம். 2005-06 சிக்குன்குனியாவில் இந்தத் தீவு பட்ட பாட்டுக்கு அது நியாயமான பயம்தான். குழாய்த் தண்ணீரைச் சில நாள் ஆறவிட்டு, கப்பி மீன்களை விட்டோம். கொசுப் புழு ஒன்றுகூடத் தங்குவதில்லை. உண்மையில் அந்தக் கொசுவுக்குப் பிடித்த இடம் பழைய டயரும் பூந்தொட்டித் தட்டும்தான். அவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

அப்புறம் தேரைகள். 1922இல் கரும்பு வண்டுகளை ஒழிக்கத் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவை. முதல் பெருமழை இரவிலேயே வந்து கத்தத் தொடங்கின. காலையில் அல்லித் தண்டைச் சுற்றி, கரும்புள்ளி வரிசையோடு வழவழவென்று நீளச் சரமாக முட்டைகள். இந்த மண்ணுக்கே உரிய நத்தைகளையும் பூச்சிகளையும் தேரைகள் தின்று தீர்ப்பதால், அந்த முட்டைச் சரங்களைக் குச்சியில் சுருட்டி எடுத்து வெயிலில் போட்டுவிடுகிறேன்.