ஜப்பான் கோயில்களில் எங்கே கை தட்டுவது, எங்கே கூடாது?

கேள்வி:
டோக்கியோவில் சென்சோஜி, கியோட்டோவில் புஷிமி இனாரி, கடைசியாக இசுமோ தைஷா போவதாகத் திட்டம். வாசலில் கை கழுவுவது, கும்பிடுவது, முத்திரை வாங்குவது மூன்றுக்கும் சரியான முறை என்ன?

மறுமொழி 1:
சென்சோஜி புத்தக் கோயில். அங்கே தட்டாதீர்கள், ஓசையில்லாமல் கைகூப்புங்கள். இனாரி, ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோவின் கோயில்: இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை தட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். தட்டும்போது வலக்கை விரல்கள் இடக்கையைவிடச் சற்றுக் கீழே இருக்கட்டும். வேண்டும்போது சேர்த்துவிடுங்கள். இசுமோவும் ஷிண்டோ கோயில்தான், ஆனால் அங்கே நான்கு தட்டு. பலர் தவறுவது அங்கேதான்.

கை கழுவ ஒரே அகப்பைத் தண்ணீர்தான். வலக்கையில் அகப்பையைப் பிடித்து இடக்கையைக் கழுவுங்கள். கை மாற்றி வலக்கை. மறுபடி மாற்றி, இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளித்து, இடக்கையை இன்னொரு முறை கழுவுங்கள். மிச்சத் தண்ணீர் கைப்பிடி வழியே ஓடும்படி அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்திவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். முதலிலேயே தாராளமாக ஊற்றினால் கைப்பிடிக்குத் தண்ணீர் மிஞ்சாது. அகப்பையில் வாய் வைக்கவே கூடாது. கொப்பளித்ததைத் தொட்டிக்குள் துப்பவும் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் அகப்பையை எடுத்துவிட்டார்கள். அங்கே குழாயில் விழும் தண்ணீரில் கையை நனைத்தால் போதும்.

மறுமொழி 2:
முத்திரைக்குப் பெயர் கோஷுயின். அது வந்துபோனதற்கான ரப்பர் ஸ்டாம்ப் இல்லை, வழிபட்டதற்கான அடையாளம். அதனால் கும்பிட்ட பிறகே கேளுங்கள். பெரும்பாலும் 300 முதல் 500 யென், சில்லறையாக வைத்திருங்கள். முத்திரை பதிக்கச் சாதாரண நோட்டுப் புத்தகத்தை நீட்டினால் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள். அதற்கென்றே மடிப்புப் புத்தகம் கோயிலிலேயே கிடைக்கும். மை காயும்வரை நடுவில் வைத்துத் தரும் தாளை எடுக்காதீர்கள். மாலை 4, 5 மணிக்கெல்லாம் மூடிவிடும் இடங்கள் நிறைய, காலையிலேயே போய்விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. உண்டியலில் 5 யென்தான் போட வேண்டுமா? இனாரியில் சாமி நரிதானே?

மறுமொழி 1:
5 யென் கட்டாயமில்லை. ‘கோ-என்’ என்றால் 5 யென். அதே ஒலிக்கு ‘நல்ல பந்தம்’ என்றும் பொருள், அதனால் வந்த வழக்கம். நரி சாமி இல்லை, இனாரி என்ற தெய்வத்தின் தூதர். அதன் வாயைக் கவனியுங்கள்: சாவி, நெற்கதிர், ரத்தினம், சுவடிச் சுருள் என்று ஒவ்வொன்றில் ஒன்று இருக்கும். அந்தச் சாவி நெற்களஞ்சியத்துடையது என்பார்கள். மலைப்பாதையில் நிற்கும் தோரீ என்ற வாயில்களின் பின்பக்கம் தெரிவது காணிக்கை தந்தவர்களின் பெயரும் தேதியும். மலையிலிருந்து இறங்கும்போது அவை கண்ணில் படும்.