பாம்பன் கடற்கரை வீடு: ஒரே மேசையில் ரெண்டு கம்ப்யூட்டர்

பாம்பன்காரி:
ஆபீஸ் லேப்டாப், என் சொந்த டெஸ்க்டாப், ரெண்டும் நாலடி மேசையில் அடங்கணும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஒவ்வொண்ணுதான் இருக்கு. ஜன்னல் தெற்கே கடலைப் பார்த்தது. ஆடிக் காத்தில் மேசையெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. அப்பாவுக்குக் காத்து வேணும், மூட மனசு வரல. எப்படி அடுக்கலாம்?

மண்டபம் அண்ணன்:
கேவிஎம் சுவிட்ச் வாங்கும்மா. ஒரு பட்டனில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூணும் அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறிடும். 4கே மானிட்டர்னா 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் புதுப்பிக்கிறது) தாங்குமான்னு கேட்டு வாங்கு. லேப்டாப்பில் டைப்-சி மட்டும்தான்னா, அதில் படம் வருமான்னு முதல்ல பார். எல்லா டைப்-சியிலும் வராது.

கீழக்கரையான்:
சுவிட்சை விட உப்பைக் கவனிங்க. காத்தில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா உப்புத்தூசி தானே தண்ணியை இழுத்துக் கரையும். அது கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டில் படிஞ்சா செம்பு அரிக்கும். சிபியுவை ஜன்னல் காத்து நேரா அடிக்காத மூலையில், தரையை விட்டு உயர்த்தி வைங்க. உறை போடுறது ஆஃப் பண்ணி சூடு ஆறின பிறகுதான்.

தொண்டி வாசகர்:
கரண்ட் போனா தாங்க யுபிஎஸ் வைக்கிறதா இருந்தா, அதில் டெஸ்க்டாப், மானிட்டர், ரௌட்டர் போதும். லேப்டாப்புக்கு அதோட பேட்டரியே இருக்கு. லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டவே கூடாது, சூடேறும்போது கரண்டை மொத்தமா இழுக்கும்.

பாம்பன்காரி:
ரொம்ப நன்றி. சிபியு பீரோ பக்கத்து மூலைக்குப் போகுது. அங்கிருந்து மேசைக்கு 3 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் எட்டும், அளந்துட்டேன். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.